ஒற்றைப் பென்சில்

காலையிலிருந்து குனிந்து நிலம் அளந்த சிவகுருவுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. யப்பான்காரன் குண்டு போட்ட இடத்தில் எழும்பப்போகும் கடற்படை வைத்தியசாலையின் வரைபடம் மேசையில் கிடக்கிறது. அவனும் கூட்டாளி பேணாட்டும் எதையும் ஒரே பென்சிலால்தான் கீறுவார்கள். இவன் ஒரு கோடு, அவன் ஒரு கோடு. சுவரைப் பேணாட் கீறிவிட்டான்; கதவு சிவகுருவின் முறை. ஆனால் பேணாட் கொடுத்த பென்சில் இப்போது வெள்ளைக்காரத் துரையின் கையில். பேணாட் துரையின் தோளோடு ஒட்டிநின்று சிரிக்கிறான். சிவகுருவோடு இப்படிச் சிரித்து மாதக்கணக்காகிறது. "கிழக்கால கதவு வைச்சா வாடைமழை நோயாளியின்ர கட்டிலுக்கு வரும்," என்கிறான் சிவகுரு. "பொறும் ஐசே, துரை கீறட்டும்," நிமிராமலே சொல்கிறான் பேணாட். "ஓம், கீறட்டும். நான் வெயிலுக்க அளக்கத்தானே பிறந்தனான்." துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது, மேசை அதிர்கிறது. வரைபடத்தில் துரையின் கதவு கிழக்கே திறக்கிறது. சிவகுருவின் விரல்கள் வெறுமனே, பென்சில் பிடித்தாற்போலக் குவிந்திருக்கின்றன. பேணாட் அவனுக்கு ஒரு கோடு கடன்பட்டிருக்கிறான்.