பதினாறாம் நாள் கூத்து

"அம்பு பட்டப்புறம் கர்ணன் எவ்ளோ நேரம் கெடப்பான், வாத்தியாரே?"

அருணாதேவி இப்படிக் கேட்டதும் சடையன் வாத்தியாருக்குச் சுருக்கென்றது. மேசை மேல் அவள் அப்பா ராஜமாணிக்கத்தின் படம், பக்கத்தில் தட்டில் வெற்றிலை பாக்கு. கருமாதிக்குக் கூத்து பேச வந்தவள், ஆட்டம் சீக்கிரம் முடியுமா என்று கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டார்.

"முழுசா ஒரு மணி நேரம் கெடப்பேம்மா. ஒரு நிமிசம் கம்மி பண்ண மாட்டேன்" என்றார் விறைப்பாக.

முப்பது வருடமாகக் கர்ணன் வேஷம் கட்டுகிறவர் அவர். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில்தான் அவருடைய கூத்துக் கம்பெனி. மறுநாள் பௌர்ணமி என்பதால் கீழே தெருவெல்லாம் கிரிவலக் கூட்டம், ஒரே இரைச்சல்.

கர்ண மோட்சம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கொடை வள்ளலின் கதை, அவ்வளவுதான். போன மாதம் ஒருத்தர் தன் ஹோட்டல் திறப்பு விழாவுக்கே அதைக் கேட்டு வந்தார். "அது எங்க பக்கம் எழவு வூட்ல ஆடற கூத்துய்யா" என்று வாத்தியார் சொன்னதும், மனிதர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படி இறங்கிவிட்டார்.

இவள் அப்படி இல்லை, விஷயம் தெரிந்தவள். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

"அப்பா கண்டக்டரா இருந்தவருங்க. நீங்க எங்க ஆடினாலும் டூட்டி மாத்திக்கினு வந்துடுவாரு. 'என் காரியத்துக்கு சடையன்தான் கர்ணன் கட்டணும்'னு சொல்லிக்கினே இருப்பாரு. அவரு என்னைக் கேட்டது இது ஒண்ணுதாங்க."

வாத்தியாரின் விறைப்பு தளர்ந்தது. "காரியம் என்னிக்கும்மா?"

"இருபத்து மூணு. ஞாயித்துக்கெழமை."

சுவரில் காலண்டர் நவம்பர் நாலு, செவ்வாய் என்று காட்டியது. டவுன்காரர்கள் கருமாதியைக்கூட லீவு நாள் பார்த்துத் தள்ளிப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே கோபம். "பதினாறாம் நாளுன்னு ஒரு கணக்கு இருக்கும்மா" என்றார்.

"கணக்கு சரியாத்தாங்க வரும்."

கலெக்டர் ஆபீஸ்காரர்களிடம் கணக்குப் பேசி ஜெயித்தவன் யார்? அவர் விட்டுவிட்டார்.

"தம்பி சிங்கப்பூர்லேருந்து இந்த சனிக்கெழமை வர்றான். இருபத்து நாலு அவனுக்குத் திரும்ப ஃப்ளைட்டு" என்றாள்.

கொள்ளி வைக்க வராத பிள்ளை கருமாதிச் சோற்றுக்கு வருகிறானா என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு டைரியைப் புரட்டினார். "அன்னிக்கு செங்கம் பக்கம் ஒரு வூட்டுக்கு வார்த்தை குடுத்திருக்கேனே. வேற கம்பெனி பாத்துக்கயேம்மா."

"வேற ஆளு வேணாங்க." அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "அப்பாவுக்கு நான் செய்யறதுல இது ஒண்ணாவது நல்லதா இருக்கட்டும்."

பெண் பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன செய்வது? "சரி, அங்க நம்ம கம்பெனிப் பையன் இளவரசனைக் கர்ணன் கட்டச் சொல்றேன். உங்க வூட்டுக்கு நானே வர்றேன்" என்றார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணுங்க. கையெழுத்துப் போடணும்." மனிதன் போன பிறகும் காகிதம் அவனை விடுவதில்லை என்று வாத்தியார் பெருமூச்சு விட்டார்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன். அவ்ளோ அம்பு பட்டும் கர்ணனுக்கு ஏங்க உயிர் போவல?"

"அவன் பண்ண தர்மம் உயிரைப் புடிச்சிக்கினு வுடல. கிருஷ்ணன் கெழவன் வேசத்துல வந்து, உன் புண்ணியத்தையெல்லாம் குடுன்னு கேக்கறான். கர்ணன் ரத்தத்தால தாரை வாத்துக் குடுக்கறான். அப்பறந்தான் போவுது. ஜனங்க இதை தானக் கதைன்றாங்க. இல்லம்மா, போவ முடியாம கெடக்கற உயிரை அனுப்பி வெக்கற கதை. அதாலதான் எழவு வூட்ல ஆடறோம்."

"அப்போ கேட்டவருக்குப் பாவம் இல்லீங்களா?"

"கேட்டது சாமி. சாமிக்கு ஏதும்மா பாவம்?"

"மனுசங்க கேட்டா?"

விடிய விடியப் பாடுகிற வாத்தியாரிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. அப்பனைப் பறிகொடுத்தவள் மனசு ஆறாமல் பேசுகிறாள் என்று நினைத்தார்.

பேச்சை வளர்க்காமல் தட்டிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். எடுத்துவிட்டால் அது வாக்கு, அப்புறம் அவர் பின்வாங்குவது கிடையாது.

"கூத்து ஆரம்பிக்கறப்போ கட்டியங்காரன் சபையில பேரும் எறந்த தேதியும் சொல்லுவான். பேரு ராஜமாணிக்கம். தேதி?"

"எட்டுன்னு எழுதிக்கங்க."

எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். "போன மாசம் எட்டாம்மா? அப்படின்னா பதினாறு எப்பவோ போயிடுச்சே?"

அருணாதேவி அப்பாவின் படத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"வர்ற சனிக்கெழமைங்க. தம்பி வந்து பாத்ததும் அப்பாவுக்கு மூச்சு மெஷினை எடுக்கறோம்."