புஷ்பா வீட்டுக் கோழிகள்

கோழிக் கூண்டு காலியாகக் கிடந்தது. உள்ளேயும் சுற்றிலும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. செத்ததைப் புதைத்த இடத்தில்தானே இப்படிப் போடுவார்கள்? லோடு இல்லாமல் மத்தியானமே வீடு திரும்பியிருந்த வெங்கடேசன் வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

"பிரபா! ஏய், பிரபா!"

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் காது குத்து. அதற்குத் துணி எடுக்க மனைவி பிரபா உத்திரமேரூர் போயிருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. விருந்துக்கென்று விட்டு வைத்திருந்த ஒன்பது கோழியில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பங்காளி தினகரன் எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா, அல்லாம் பூட்ச்சா? அந்தப் புஷ்பா மருந்து வாணாம், பேஜாருன்னு நான் அன்னிக்கே சொன்னேன்."

புஷ்பா ஏரிக்கரை ஓரம் இருளர் குடியிருப்பில் இருப்பவள். கால்நடை ஆஸ்பத்திரியில் பத்து நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கோழிகளுக்குப் புழு மருந்து கொடுத்து வந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் பிரபா அவளைக் கூப்பிட்டு மருந்து கொடுக்கச் சொன்னாள். மறுநாள் எச்சத்தோடு சேமியா மாதிரி கொத்துக் கொத்தாகப் புழு விழுந்தது. ஏற்கெனவே துவண்டு கிடந்த சேவல் அதற்கடுத்த நாள் செத்துப்போனது.

"மருந்துலயே புழுவ வெச்சிக் குடுத்துட்டாடி அவ!" என்று அன்றைக்கு வெங்கடேசன் குதித்தான். விடியுமுன் கல் உடைக்கிற கிரஷருக்கு டிப்பர் லாரி ஓட்டப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன் அவன். கோழியை அவன் நன்றாகப் பார்த்ததெல்லாம் குழம்பில்தான்.

"கொடல்ல இருந்ததுதான்யா வெளிய வந்துகீது. கூண்ட சுத்தம் பண்ணிட்டு இன்னொரு வாட்டி மருந்து குடுத்தா சரியாப்பூடும்" என்றாள் பிரபா.

அதற்குக் கன்னத்தில் ஓர் அறைதான் பதில். "இனிமே அவ நம்ம தோட்டத்துல கால் வெச்சா, அந்தக் கால ஒடச்சிடுவேன்!"

இப்போது அந்த ஆத்திரம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மண்வெட்டியைத் தரையில் தட்டிக் காம்பைக் கழற்றினான். பைக் ஏரிக்கரைக்குப் பறந்தது.

புஷ்பா குடிசை வாசலில் உட்கார்ந்து பேசினில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய மீன் வலை சுற்றிய கூண்டு. உள்ளேயிருந்த கோழிகள் தண்ணீருக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின.

"வாங்கண்ணா. அக்கா வர்லியா?"

"அக்கா இன்னாடி அக்கா? அல்லாத்தயும் சாவடிச்சிட்டு ஒறவு கொண்டாடுறியா?"

"எது செத்துச்சி? அண்ணா, கொஞ்சம் கேளுங்க..."

காம்பு அவள் தோளில் இறங்கியது. பேசினோடு சேர்ந்து சாய்ந்தாள். மருந்துத் தண்ணீர் மண்ணில் ஓடியது.

"அண்ணா, அந்தக் கோழிங்க..."

"வாயத் தொறக்காத!" புறங்கையால் வாயிலேயே அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் வழிந்தது. "என் கோழி செத்துப் பூடும், உன் கோழி மட்டும் உசுரோட இருக்கணுமா?"

வலையைக் கிழித்துக் கையை உள்ளே விட்டான். முதலில் சிக்கியதைக் காலைப் பிடித்துத் துணி துவைக்கிற கல்லில் அடித்தான். ஒரே அடி. இரண்டாவதன் கழுத்தைத் திருகினான். கால் இடுக்கில் நழுவி ஓடப் பார்த்த ஒன்றைச் செருப்புக் காலால் மிதித்து நசுக்கினான். இறகு பறந்து அவன் வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

ஆம்பளைகள் எல்லாரும் கரும்பு வெட்டப் போயிருந்தார்கள். பக்கத்துக் குடிசைக் காளியம்மாள் மட்டும் ஓடி வந்தாள். "வாயில்லாத ஜீவன் சாமி, வுட்டுடுங்க!" அவன் காம்பைத் திருப்பியதும் அவள் பின்வாங்கிவிட்டாள்.

புஷ்பா தவழ்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதறி விலாவில் ஓர் உதை விட்டான். சுருண்டு போய்ச் சுவரில் மோதினாள். அதோடு அவள் வாயைத் திறக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் கோழியையும் கல்லில் அடித்துவிட்டு வெங்கடேசன் நிமிர்ந்தான். எட்டோ ஒன்பதோ, வாசலெங்கும் சிதறிக் கிடந்தன. ஒன்று மட்டும் இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது. மனசு குளிர்ந்த மாதிரி இருந்தது.

"இப்பத் தெரியுதா, கோழி செத்தா எப்பிடி இருக்கும்னு?" கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான்.

அப்போது ஏரிக்கரைச் சரிவிலிருந்து கறுப்புப் பெட்டை ஒன்று, ஐந்தாறு குஞ்சுகள் பின்னால் ஓடிவர, இறங்கி வந்தது. செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிக்கொண்டு நேராகப் புஷ்பாவிடம் போய், அவள் புடவையோரம் ஒண்டிக்கொண்டது.

"இது யாருதுடி?" காம்பை மறுபடி ஓங்கினான்.

புஷ்பா குஞ்சுகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினாள். முதல் தடவையாக அவன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள்.

"இதுதாண்ணா என்னுது. நீங்க கொன்னது, அக்கா மருந்துக்குக் கொண்ணாந்து வுட்ட உங்க வூட்டுக் கோழிங்க."