ஸ்பீக்கர் இல்லாத லேப்டாப்

"சரி பண்ண வேண்டாம். அப்படியே திருப்பிக் குடுங்க" என்றேன். லேப்டாப் ரிப்பேர் கடையில் போய் இப்படிக் கேட்டு மானத்தை வாங்காதே என்று அண்ணன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான்.

மெக்கானிக் நிமிர்ந்தார். "என்னம்மா, நடுநடுவுல பாட்டு நின்னு 'டக்'னு சத்தம் வருதுன்னு உங்கண்ணன்தானே கொண்டாந்து போட்டாரு? எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினா போயிடும்."

அது போய்விடக் கூடாது என்றுதான் வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். நான் படிக்கும்போது அம்மா பேசவே மாட்டாள். பேசினால் படிப்பு கெட்டுவிடுமாம். தண்ணீர் டம்ளரை மேசையில் 'டக்'கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இன்னும் எனக்குக் கோபம்தான். நான் பட்டம் வாங்கும் முன்பே செத்துப்போனாள். அதற்குப் பிறகுதான் லேப்டாப்பில் அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது.

"ஸ்பீக்கரைக்கூடக் கழட்டிட்டேனே" என்று இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. 'டக்' மட்டும் கேட்டது.

மெக்கானிக் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"குடிக்கிறேம்மா" என்றேன். லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"ஸ்பீக்கரு?" என்றார் மெதுவாக.

"நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.