இடம் மாறிய முள்

உடம்புக்குள் ஒடிந்து நிற்கும் முள்ளைக் காட்டிக்கொடுக்கும் ஒரு பாட்டை வௌவால் கட்டியது. உடம்புக்கு நேரே பாடினால், எதிரொலி மணலில் படமாக விழும்.

"யாரும் பாடலாம், யாரும் திருத்தலாம். திருத்தினா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்று அதைக் காட்டுக்கே கொடுத்துவிட்டது.

முள்ளெடுக்கும் மரங்கொத்தி, முயலிடம் பாடிப் பார்த்தது. படத்தில் முள் வலது தொடையில் தெரிந்தது.

"அண்ணே, அலகைக் கிட்ட கொண்டுவராதீங்க! வலிக்கிறது இடது கால்ல!" என்று முயல் அலறியது.

மரங்கொத்திக்குச் சிரிப்பு வந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கட்டிய பாட்டல்லவா, இடம் வலமாகிவிட்டது! ஒரு சுரத்தை மாற்றிப் பாடியதும் படம் சரியாக விழுந்தது.

"வௌவால்கிட்ட சொல்லலையா?" என்றது முயல்.

"இதைப் போய்ச் சொல்லணுமாக்கும்? இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க."

கோடையில் ஒரு மான்குட்டி மரங்கொத்தியிடம் நொண்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன் அது மயங்கிக் கிடந்தபோது, ஆற்றங்கரை நாரை திருத்தாத பழைய பாட்டைப் பாடி, படம் காட்டிய காலைக் குத்திக் கிளறியிருந்தது. முள் இன்னும் மறுகாலில் இருந்தது.

மரங்கொத்தி முள்ளை எடுத்துவிட்டது. நாரை குத்திய காலில் நரம்பு அறுந்திருந்தது, அதற்கு மருந்தில்லை.

மரங்கொத்தி உடனே வௌவாலிடம் பறந்துபோய்த் திருத்தத்தைச் சொன்னது. அன்று மாலைக்குள் காடெங்கும் புதுப்பாட்டு ஒலித்தது.

"நல்லவேளை தம்பி, கண்டுபிடிச்ச கையோட ஓடிவந்துட்டே!" என்று வௌவால் மகிழ்ந்துபோனது.

மரங்கொத்தி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது. கீழே மான்குட்டி, மூன்று காலில் நடந்து பழகிக்கொண்டிருந்தது.