வேர் தெரிந்த நாள்

"மூணு வாரமாச்சு, வேரெல்லாம் பளிச்சின்னு தெரியுது. யாராச்சும் பாத்தா நம்ம பொழப்பு என்னாவறது?" சாயக் கிண்ணத்தோடு நின்றாள் விமலா.

அவள் கணவர், மலேசியாவில் மம்பாவ் ஊர்ப்பக்கத் தோட்டத்தில் பேர்போன ஜோசியர் சத்தியசீலன், தோளில் பழைய துணியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தார். "சீக்கிரம் பூசு. பத்து மணிக்குக் கோலா கிளாவாங்லேர்ந்து அந்த வள்ளிநாயகி அம்மா, மக ஜாதகத்தோட வராங்க."

பிரஷ்ஷை எடுப்பதற்குள் வாசலில் கார் ஹார்ன் அடித்தது. வள்ளிநாயகி அம்மாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

சத்தியசீலன் அவசரமாகத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். ஜாதகத்தைக் குனிந்து பார்த்தபோது துண்டு அவிழ்ந்து மடியில் விழுந்தது. வள்ளிநாயகியின் பார்வை அவர் உச்சந்தலையிலேயே நின்றது. தொழில் போச்சு என்று சத்தியசீலன் மடியில் கிடந்த துண்டை அவசரமாக எடுத்தார்.

"ஐயா! தலையெல்லாம் வெள்ளை, வேர்ல மட்டும் கருகருன்னு புதுசா முளைக்குதே! என்ன மருந்து சாப்பிடுறீங்க? எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு போத்தல் குடுங்கலா!"

அதற்கு மேலும் பொய்யை இழுக்கச் சத்தியசீலனுக்கு மனம் வரவில்லை. "மருந்தெல்லாம் இல்லம்மா. எனக்கு வயசே முப்பத்திரெண்டுதான். சின்னப் பையன்னு யாரும் ஜாதகம் காட்ட வரல. அதான் வெள்ளைச் சாயம் பூசிக்கிறேன்."

அடுப்படியில் விமலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வள்ளிநாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டார்.

"மருந்து ரகசியத்த வெளிய சொல்லக்கூடாதுன்னு குருவோட கட்டளைபோல. சரிங்கய்யா, நான் கேக்கல. மக ஜாதகத்தப் பாருங்க."