குறுக்கே நின்ற கார்

"பார்த்தியா அந்த மனுஷனோட அழிச்சாட்டியத்தை? நம்ம வண்டி மூக்குல இடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்திட்டு, அவர் பாட்டுக்கு உள்ளே போயிட்டார்."

அக்காள் இடுப்பில் கைவைத்து நின்றாள். எதிர்வீட்டுக்காரரின் புதுக் கார், கேட்டுக்குள் தலையை நுழைத்து வழியை அடைத்திருந்தது.

தம்பி நிமிரவில்லை. தெருவை நோக்கிச் சரியும் அந்தப் பாதையில், ஜாக்கில் தூக்கி நிறுத்திய தன் காருக்கடியில் கால்களை நீட்டி, கழற்றிய பின்சக்கர டிரம்மை மடியில் வைத்துப் பழைய பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"மதில் சண்டையை இன்னும் மறக்கலை போல. விடுக்கா. வீல் போல்ட்டும் ரெண்டு மாத்தணும். சாயங்காலம் ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ்."

"அதான் வயிறு எரியுது. பிள்ளை பெத்தவ பச்சைக்குழந்தையோட காத்துக் கிடக்கணுமா? மெக்கானிக்கிட்ட விடுன்னா கேட்டியா?"

"என் பொண்ணு வரப்போற வண்டி. நானே செஞ்சாத்தான் மனசு ஆறும்."

"ரெண்டு வீடியோ பார்த்தவனெல்லாம் மெக்கானிக்."

அக்காள் விடுவிடுவென்று தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விட்டால்தானே.

"பழைய பகையைத் தீர்த்துக்க இன்னிக்குத்தான் நாள் பார்த்தீங்களா? ஈவு இரக்கம் வேணாம்?"

"சக்கரத்தை மாட்டி வண்டியைக் கீழே இறக்கச் சொல்லுங்கம்மா. அப்புறம் எடுக்கறேன்" என்றவர், வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வேடிக்கை வேற" என்று முணுமுணுத்தபடி அக்காள் திரும்பினாள்.

ஒருவழியாகப் புது பேரிங் உட்கார்ந்தது. போல்ட்டுகள் இறங்கின. சக்கரத்தை மாட்டி, ஜாக்கை இறக்கிவிட்டுத் தம்பி கையசைத்தான். எதிர்வீட்டுக்காரர் வந்து தம் காரில் ஏறினார்.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சா?"

"எல்லாம் ஆச்சு சார். நீங்க முதல்ல எடுங்க."

அவர் கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஆளில்லாத தம்பியின் காரும் கூடவே உருண்டது. அவர் சட்டென்று நிறுத்தினார். அது அவர் காரில் மோதிச் சாய்ந்து நின்றது.

டிரம்மைக் கழற்றுவதற்காக இறக்கிய ஹேண்ட் பிரேக்கைத் தம்பி மறுபடி ஏற்றவேயில்லை. முன்சக்கரங்களுக்குக் கல்லும் வைக்கவில்லை. இத்தனை நேரமும் வண்டி தன் கால்கள்மேல் இறங்காமல் பிடித்திருந்தது எது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வீட்டுக்குத் திரும்பும்போது பார்த்தேன் தம்பி, உங்க வண்டி லேசா நகர்ந்துச்சு. கத்தினேன். சுத்தியல் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை. இறங்கி ஓடிவர ஏது நேரம்? அதான் முட்டுக் கொடுத்தேன். பழைய சண்டையில நான் சொன்னா எடுத்துக்க மாட்டீங்களேன்னு உள்ளே போயிட்டேன்."

தம்பி கிரீஸ் கையோடு அவர் கைகளைப் பற்றிக்கொண்டான்.

நசுங்கிக் கிடந்த புதுக் காரின் முகப்பை அக்காள் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அது வெறும் தகரம்மா" என்றார் அவர். "கிளம்புங்க, குழந்தை காத்திருக்கும்."