பின்சக்கரத்துக் கிரீஸ்

பின்சக்கரத்தில் இன்னும் நான்கு கம்பிகள்தாம் மிச்சம். பாக்கியசீலன் தேங்காய் நாரை மண்ணெண்ணெயில் முக்கி, அந்த நான்கையும் உயிரைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜெர்மன் சண்டைக்குப் புறப்பட்ட துரை ஒருவர் தூத்துக்குடியில் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள் அது. நேற்று சாயங்காலம் கிளம்பி, பாளையங்கோட்டையில் அக்கா வீடு வந்து சேர்வதற்குள் செயினிலிருந்து தெறித்த கிரீஸ் வழிப்புழுதியோடு குழைந்து, சக்கரம் முழுக்கத் தார் பூசியதுபோல் அப்பிக்கிடந்தது.

இன்று மத்தியானம் நேசையா வருகிறார். 'சும்மா ஒரு ஜெபத்துக்கு' என்றுதான் சொல்லியனுப்பியிருந்தார். தன் மகள் கெசியாவுக்கு இந்தப் பையன் சரிப்படுவானா என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது தெருவுக்கே தெரியும்.

போன ஸ்தோத்திரப் பண்டிகையில் கெசியா இவனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிரித்திருந்தாள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டிவிட்டான். ஒன்பதாவது மாதம் அவனால் ஆகாது.

அக்கா ஹெப்சிபா கடிதத்திலேயே எச்சரித்திருந்தாள். 'ஹெட்மாஸ்டர் நேசையாவுக்கு அழுக்கென்றால் ஆகாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். முதலில் வந்த மாப்பிள்ளைக்குப் பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. அடுத்து வந்தவனுக்கு வேட்டியில் சேறு. இரண்டு பேரும் வந்த வழியே போனார்கள்.'

பாக்கியசீலன் துறைமுகத்தில் குமாஸ்தா. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் தூக்கம் என்று இரண்டு வருஷமாகப் பழகிய உடம்பு. காலையில் அசந்து தூங்கி, பத்து மணிக்கு எழுந்து பார்த்தபோது வீட்டில் அக்கா இல்லை. கண்ணில் பட்டது கறுத்துப்போன சக்கரம்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கடைசிக் கம்பியைத் துடைக்கும்போது, வெள்ளைச் சேலைத் தலைப்பால் வியர்வையை ஒற்றியபடி அக்கா உள்ளே வந்தாள். வந்தவள் அங்கேயே நின்றாள்.

"என்னலே செய்யுத?"

"முடிஞ்சிட்டுக்கா. இதுல முகம் பாத்துத் தலை சீவலாம்."

"களைச்சு வந்த பிள்ளையேன்னு உன்னைய எழுப்பாமப் போனேன் பாரு, என்னையச் சொல்லணும். இன்னைக்குப் போயா இதைச் செய்வ?"

"இன்னைக்கில்லா அவரு வாராரு. நாளைக்குத் துடைச்சு யாருக்குக் காட்ட?"

"அவரு எனக்குப் பின்னாலயே வாராருலே."

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. அக்கா மண்ணெண்ணெய்ப் போத்தலையும் நாரையும் காலாலேயே முருங்கை மரத்துக்குப் பின்னால் தள்ளினாள். பாக்கியசீலன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

நேசையா வேதப்புத்தகத்தை வண்டியின் இருக்கையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"வண்ணார்பேட்டையில இருந்து நடந்தா வந்தீங்க, ஐயா? வில்வண்டி இருக்குன்னு அக்கா சொன்னாளே."

"மாட்டுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா, தம்பி?"

நல்ல மனசுதான் என்று பாக்கியசீலன் நினைத்துக்கொண்டான். நேசையா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்சக்கரத்தின் முன்னால் குனிந்தார். கம்பிகளில் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"கையைக் காட்டு."

பாக்கியசீலன் பைய நீட்டினான். பத்து நகமும் அடுப்புக்கரி.

நேசையா அந்தக் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எதுக்குப்பா ஒளிக்க? இது வேலை செஞ்ச கையாக்கும். வெத்தலையைக் குதப்பிக்கிட்டு உக்காந்திருக்க பயலுவளைப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு."

"உங்களுக்கு அழுக்கு ஆகாதுன்னு சொன்னாங்க, ஐயா."

"சோம்பேறி அழுக்குதான் ஆகாது. இன்னும் என்ன ஐயா? மாமான்னு கூப்பிடு."

கெசியா இரண்டாம் தடவை சிரித்ததுபோல் இருந்தது பாக்கியசீலனுக்கு.

"நம்ம ரோட்டுப் புழுதிக்கு வண்டியை இப்படிப் புதுசாட்டம் வச்சிருக்கியே. எப்பம் துடைச்ச?"

நேசையாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற அக்கா, கொண்டை அவிழ்ந்துவிடும்போலத் தலையை ஆட்டினாள். பெருமை பேசாதே என்கிறாள் என்று பாக்கியசீலனுக்குத் தோன்றியது. ஆகவே அடக்கமாகவே சொன்னான்.

"பெரிய வேலை ஒண்ணுமில்ல, மாமா. இப்பத்தான், பத்து மணிக்கு உக்காந்தேன். நீங்க வாரதுக்கும் முடியதுக்கும் சரியா இருந்துது."

நேசையா பிடித்திருந்த கையை விட்டார். இருக்கையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வாசலைத் தாண்டிக் குடையை விரித்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஆண்டவரே ஓய்ஞ்சிருந்த நாளு, தம்பி. உங்க தூத்துக்குடியில ஞாயித்துக்கிழமை வாரதே இல்லையோ?"